திரையை விட்டு விலகிய சுசித்ரா சென்: ஒரு நிகழ்வு ஆய்வு

1978-ல் ‘பிரணய் பாஷா’ என்ற வங்காளப் படம் வெளியானது. நாயகி சுசித்ரா சென், நாயகன் சௌமித்ர சட்டர்ஜி. படம் ஓடவில்லை. அப்போது சுசித்ராவுக்கு 47 வயது. அதற்குப் பிறகு அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. பேட்டி கொடுக்கவில்லை, விழா மேடை ஏறவில்லை, ஓய்வு பெறுகிறேன் என்று ஓர் அறிக்கைகூட வெளியிடவில்லை. 2014 ஜனவரி 17-ஆம் தேதி காலமாகும்வரை, 35 ஆண்டுகளுக்கும் மேலாக, தன்னைக் கொண்டாடிய கொல்கத்தா நகரத்திலேயே, அந்த நகரத்தின் கண்ணில் படாமல் வாழ்ந்தார்.

புகழை விட்டு விலகிய நடிகர்கள் உலகெங்கும் உண்டு. பெரும்பாலோர் ஊரை மாற்றிக்கொண்டார்கள், அல்லது தொழிலை மாற்றிக்கொண்டார்கள். சிலர் சில ஆண்டுகளில் திரும்பி வந்தார்கள். சுசித்ரா இவற்றில் எதையும் செய்யவில்லை. தெற்குக் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில் இருந்தார். மகளும் இரண்டு பேத்திகளும் சினிமாவில் நடித்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசல்வரை வந்து போனார்கள். அப்படியும் அந்தக் கதவு திறக்கவில்லை. ஏன் விலகினார் என்பதைவிட, எப்படி அது சாத்தியமானது என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டையும் பார்க்கலாம்.

பாப்னாவிலிருந்து டாலிகஞ்ச்வரை

பிறந்தது 1931 ஏப்ரல் 6, இன்றைய வங்கதேசத்தின் பாப்னா பகுதியில். இயற்பெயர் ரமா தாஸ்குப்தா. நடுத்தர வகுப்புக் குடும்பம். பிரிவினை ஆண்டான 1947-ல் கொல்கத்தாவின் வசதியான குடும்பத்தைச் சேர்ந்த திபாநாத் சென்னை மணந்தார். அவர் டாலிகஞ்ச் எனப்படும் வங்காள சினிமா உலகுக்கு வந்தது கல்யாணத்துக்குப் பிறகு, கணவர் வீட்டாரின் ஒப்புதலோடு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். குடும்பப் பெண்கள் நடிக்க வருவதை வங்காளத்தின் ‘பத்ரலோக்’ எனப்படும் படித்த, மதிப்புக்குரிய வகுப்பு ஏற்கத் தயங்கிய காலம் அது. நடித்த முதல் படம் ‘சேஷ் கோதாய்’ 1952-ல் எடுக்கப்பட்டு அப்போது வெளியாகாமல் முடங்கியது. அடுத்த ஆண்டில்தான் அவர் முகம் திரைக்கு வந்தது.

1953-ல் வந்த ‘ஷாடே சுயாத்தர்’ பலர் சேர்ந்து தங்கும் ஒரு மெஸ் வீட்டில் நடக்கும் நகைச்சுவைப் படம். அதன் உயிர்நாடி துளசி சக்கரவர்த்தியும் மலினா தேவியும்தான். ஓரமாக ஓர் இளஞ்ஜோடி வந்து போகும்: உத்தம் குமார், சுசித்ரா சென். மறு ஆண்டு ‘அக்னி பரீக்ஷா’ வந்தபோது ஓரத்தில் இருந்தவர்கள் நடுவுக்கு வந்துவிட்டார்கள். இருவரும் சேர்ந்து 30 படங்களில் நடித்தார்கள். ‘அக்னி பரீக்ஷா’ கதைதான் 1959-ல் தமிழில் ‘மஞ்சள் மகிமை’ ஆனது.

இந்த ஜோடி ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது என்பதற்கு அழகு, பொருத்தம் என்று காரணம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அன்றைய கொல்கத்தாவையும் பார்க்க வேண்டும். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களில் பெண்கள் முதல் முறையாக வேலைக்குப் போகிறார்கள். வீடு நிலையில்லாமல் இருக்கிறது. சுசித்ராவின் நாயகிகள் படித்தவர்கள். மருத்துவராக, செவிலியாக, ஆசிரியையாக இருப்பவர்கள். காதலிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுப்பவர்கள். 1957-ல் வந்த ‘ஹாரானோ சுர்’ படத்தில் நினைவிழந்த ஒருவனைத் தன் பொறுப்பில் எடுத்துக் குணப்படுத்தும் மருத்துவர் அவர். 1961-ன் ‘சப்தபதி’யில் ரீனா பிரவுன் என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண், மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து பாடிக்கொண்டு போகும் அந்தக் காட்சி தெரியாத வங்காளி இருக்க மாட்டார். திரையில் ஒரு பெண் தன் விருப்பத்தின் பேரில் நடமாடுவதை அந்தத் தலைமுறை அவரிடம் பார்த்தது.

கால்ஷீட்டும் பெயர் வரிசையும்

விலகலைப் புரிந்துகொள்ள 1978-க்குப் போவதற்கு முன் ஐம்பதுகளின் போஸ்டர்களைப் பார்க்க வேண்டும். புகழின் உச்சத்தில் இருந்த சுசித்ரா, போஸ்டரிலும் திரையிலும் தன் பெயர் உத்தம் குமாருக்கு முன்னால் வர வேண்டும் என்று கேட்டுப் பெற்றார் என்பது வங்காளத் திரையுலகில் எல்லோரும் அறிந்த செய்தி. நாயகன் பெயர் முதலில் வருவது எழுதப்படாத சட்டமாக இருந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல. தமிழிலும் தெலுங்கிலும் எத்தனை பெரிய நாயகிகளுக்கு அது வாய்த்தது என்று நினைத்துப் பாருங்கள்.

மறுப்பதிலும் அவர் அப்படியே. பங்கிம் சந்திரரின் ‘தேவி சௌதுராணி’ நாவலைப் படமாக்க சத்யஜித் ராய் நினைத்தபோது சுசித்ராவைக் கேட்டார். அந்தப் படம் முடியும்வரை வேறு படத்துக்குக் கால்ஷீட் கொடுக்கக் கூடாது என்பது ராயின் நிபந்தனை. சுசித்ரா ஒப்புக்கொள்ளவில்லை. ராய் அந்தப் படத்தை எடுக்கவே இல்லை. 1974-ல் தினேன் குப்தா அதே கதையை எடுத்தபோது சுசித்ராதான் நாயகி. ராய் அழைத்தும் போகாதது எவ்வளவு பெரிய இழப்பு என்று சினிமா ரசிகர்கள் இன்றும் வருந்துகிறார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் தன் நேரம் யாருக்கு, எவ்வளவு என்பதை இயக்குநர் தீர்மானிக்க முடியாது என்று ராயிடமே சொல்லக்கூடிய ஒருவர், பின்னாளில் ரசிகர்களிடமும் அதையே சொன்னதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

இந்திக்குப் போனார், அங்கேயும் தங்கவில்லை. பிமல் ராயின் ‘தேவதாஸ்’ (1955) படத்தில் திலீப் குமாருக்கு எதிரே பார்வதி. தேவ் ஆனந்தோடு ‘பம்பாய் கா பாபு’. ராஜ் கபூர் அழைத்தும் மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. பம்பாய்க்குக் குடிபெயர்ந்திருந்தால் நாடு முழுவதும் புகழ் கிடைத்திருக்கும். அவருக்கு அது தேவைப்படவில்லை.

ஒரு காட்சி

அவருடைய நடிப்பை அறியாதவர்களுக்கு ஒரே ஒரு படத்தைச் சொல்ல வேண்டுமென்றால், அசித் சென் இயக்கிய ‘தீப் ஜ்வேலே ஜாய்’ (1959) படத்தைச் சொல்வேன். ஒரு மனநல மருத்துவமனை. காதல் தோல்வியால் சித்தம் கலங்கிய நோயாளிகளுக்கு ஒரு புது சிகிச்சையை முயன்று பார்க்கிறார் தலைமை மருத்துவர். செவிலி ராதா அந்த நோயாளியிடம் அன்பு காட்ட வேண்டும். காதலிப்பதுபோல் நடிக்க வேண்டும். குணமானதும் அனுப்பிவிட வேண்டும். முதல் நோயாளி குணமாகி வேறொரு பெண்ணை மணக்கப் போகிறான். ராதா மனத்தளவில் அடிபட்டிருப்பது யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் இரண்டாவது நோயாளி வந்துவிடுகிறான்.

இந்தப் படம் முழுக்க ஒளிப்பதிவு அவர் முகத்தைப் பாதி நிழலில் வைத்திருக்கிறது. வசனம் குறைவு. நோயாளியின் முன்னால் சிரிக்கும் முகம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்ததும் சட்டென்று வெறுமையாகிறது. அந்த மாற்றத்தை அவர் ஒரு கணத்தில் செய்கிறார், கண்ணிமைகளை மட்டும் தாழ்த்தி. கடைசியில் ராதாவே மனம் பேதலித்துப்போய், தான் வேலை பார்த்த அதே வார்டில் நோயாளியாக அடைக்கப்படுகிறாள். நடிக்கத் தன்னால் முடியவில்லை, நடிக்கத் தெரியவில்லை என்று அவள் முணுமுணுக்கும் இடத்தில் கலங்காமல் உட்கார்ந்திருப்பது கடினம். இந்தக் கதையைப் பத்து ஆண்டுகளுக்குப் பின் அசித் சென்னே இந்தியில் ‘காமோஷி’ என்று எடுத்தார். வஹீதா ரஹ்மான் அருமையாக நடித்தார். இருந்தாலும் என் மனத்தில் நிற்கும் ராதா சுசித்ராதான்.

1963-ல் இரண்டு சிகரங்கள். ‘சாத் பாகே பாந்தா’ படத்துக்காக மாஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிப் பரிசு பெற்றார். வெளிநாட்டு விழாவில் நடிப்புக்கு விருது பெற்ற முதல் இந்திய நடிகை என்று அவரைப் பலரும் எழுதுவது சரியல்ல; 1958-லேயே கார்லோவி வாரி விழாவில் நர்கிஸ் பெற்றுவிட்டார். அதனால் சுசித்ராவின் பெருமை குறையப் போவதில்லை. அதே ஆண்டு வந்த ‘உத்தர் பால்குனி’யில் நடனப் பெண்ணான தாயாகவும், வழக்கறிஞரான மகளாகவும் இரட்டை வேடம். சௌகார் ஜானகி தயாரித்து நடிக்க, கே. பாலசந்தர் இயக்கிய ‘காவியத் தலைவி’ (1970) இந்தப் படத்தின் தமிழ் வடிவம்தான்.

1978-ல் நடந்தது என்ன

ஒரே நாளில் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. படப் பட்டியல் வேறு கதை சொல்கிறது. ஐம்பதுகளில் ஆண்டுக்குப் பல படங்கள் நடித்தவர், எழுபதுகளில் ஆண்டுக்கு ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் ஒன்றுமே இல்லை. உத்தமுடன் கடைசியாக நடித்தது 1975-ல். அதே ஆண்டு குல்சார் இயக்கிய ‘ஆந்தி’ வந்தது. நரை ஓடிய கூந்தலோடு, அரசியலுக்காகக் குடும்பத்தைப் பிரிந்த ஆரத்தி தேவியாக அவர் வந்தார். இந்திரா காந்தியின் சாயல் இருக்கிறது என்று பேச்சு எழுந்து, நெருக்கடி நிலைக் காலத்தில் படம் தடைசெய்யப்பட்டது. இந்தி ரசிகர்கள் இன்றும் அவரை நினைவில் வைத்திருப்பது இந்தப் படத்தால்தான். எனவே விலகல் 1978-ல் தொடங்கியதல்ல. சில ஆண்டுகளாகவே கை மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

‘பிரணய் பாஷா’ தோற்றதால்தான் போனார் என்கிறவர்கள் உண்டு. இது எனக்கு ஒப்பவில்லை. கால் நூற்றாண்டில் அதற்கு முன்பும் அவர் படங்கள் தோற்றிருக்கின்றன. கடைசியில் தோற்ற ஒரு படம் காலத்தைக் குறிக்கலாம், காரணமாகிவிடாது. வயதான முகத்தைக் காட்ட விரும்பவில்லை என்பது இன்னொரு விளக்கம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ‘ஆந்தி’யில் நரைமுடியோடு, நடுவயதுப் பெண்ணாக, தயக்கமே இல்லாமல் நடித்தவர் அவர். முகச்சுருக்கத்துக்கு அஞ்சியவர் என்று சொல்ல அந்தப் படம் இடம் தரவில்லை.

ஆன்மிகம் என்ற விளக்கத்துக்குத்தான் சான்று கூடுதல். ராமகிருஷ்ண மடத்தின் மீது அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. பேலூர் மடத்தில் பரத் மகராஜ் என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட சுவாமி அபயானந்தரிடம் அவர் அடிக்கடி போய்வந்தார் என்பதும், விலகிய பின் நாட்களைப் பூஜையிலும் ஜபத்திலும் கழித்தார் என்பதும் குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் சொன்னவை. 1989-ல் பரத் மகராஜ் மறைந்தபோது இறுதி மரியாதைக்கு வந்தது, விலகலுக்குப் பின் அவர் வெளியே தெரிந்த மிகச் சில தருணங்களில் ஒன்று.

இங்கே பலரும் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி இருக்கிறது. சுசித்ரா பாதியில் விட்டுப்போன படம் ‘நடி வினோதினி’. ராஜேஷ் கன்னா உடன் நடிக்க, படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது அவர் விலகியதால் கைவிடப்பட்டது. யார் இந்த வினோதினி? பத்தொன்பதாம் நூற்றாண்டு கொல்கத்தாவின் மிகப் பெரிய மேடை நடிகை. பன்னிரண்டு வயதளவில் மேடைக்கு வந்தவர். 1883-ல் ஸ்டார் தியேட்டர் எழுந்ததற்கு அவருடைய தியாகமே காரணம். அவர் பெயரை வைப்பதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள். 1884-ல் ‘சைதன்ய லீலா’ நாடகத்தில் அவர் வைணவ மகான் சைதன்யராக நடித்ததைப் பார்க்க வந்த ராமகிருஷ்ண பரமஹம்சர் அவரை ஆசீர்வதித்தார். அதற்குப் பின் இரண்டொரு ஆண்டுகளில், புகழின் உச்சியில், இருபதுகளின் நடுவில், வினோதினி மேடையை விட்டுப் போய்விட்டார். 1941-ல் மறையும்வரை திரும்பவில்லை.

உச்சியில் நின்று விலகிய நடிகை, ராமகிருஷ்ணரின் அருளைப் பெற்றவர். அந்த வேடத்தை ஏற்றுப் பாதி நடித்துவிட்டு, மீதியை நடிக்காமல் தானே விலகியிருக்கிறார் சுசித்ரா. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் கொல்கத்தாவில் நடிகை ஒருத்தி புகழை விட்டு பக்திக்குள் போவதற்கு ஒரு முன்வழி இருந்தது. அந்த வழியை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

என் முடிவு இது. பக்தி அவருக்குப் போக ஓர் இடம் கொடுத்தது. போகும் துணிவு அதற்கு முன்பே இருந்தது. எந்தப் படம், யாருக்குக் கால்ஷீட், யார் பெயர் முதலில் என்று 25 ஆண்டுகள் தானே தீர்மானித்தவர், கடைசிப் படம் எது என்பதையும் தானே தீர்மானித்தார்.

கதவைக் காத்தவர்கள்

விலகுவது ஒருவரால் முடியும். விலகியே இருப்பதற்கு மற்றவர்களும் வேண்டும். சுசித்ராவின் விஷயத்தில் முதலில் சொல்ல வேண்டியது குடும்பத்தை. மகள் மூன்மூன் சென்னும் பேத்திகள் ரைமா, ரியாவும் நடிகைகள். ஆண்டு முழுக்கப் பேட்டி கொடுப்பது அவர்கள் தொழிலின் பகுதி. ஒவ்வொரு பேட்டியிலும் பாட்டியைப் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கும். ஒரு படத்தைக் காட்டியிருந்தால், ஒரு சம்பவத்தை விற்றிருந்தால், எத்தனை பத்திரிகைகள் அட்டையில் போட்டிருக்கும்! அவர்கள் பாசத்தோடு பேசினார்கள், ஆனால் வீட்டுக்குள் யாரையும் அழைத்துப் போகவில்லை. இப்படிப்பட்ட கட்டுப்பாட்டை நம் சினிமாக் குடும்பங்களில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

1980 ஜூலை 24-ல் உத்தம் குமார் இறந்தபோது நகரமே தெருவில் இறங்கியது. கூட்டம் ஓய்ந்த பின்னிரவில் சுசித்ரா அவர் வீட்டுக்கு வந்து மாலை வைத்துவிட்டுப் போனார் என்று சொல்கிறார்கள். தொண்ணூறுகளில் வாக்காளர் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொள்ள வெளியே வந்தபோது அது செய்தியானது. குடிமகளுக்குரிய கடமைக்கு வந்தார், ரசிகர்களுக்காக வரவில்லை.

விருதுகளும் அவரை அசைக்கவில்லை. 1972-ல், நடித்துக்கொண்டிருந்த காலத்தில், பத்மஸ்ரீ பெற்றவர்தான். 2005-ல் தாதாசாகேப் பால்கே விருதுக்கு அவரை அணுகியபோது, டெல்லிக்கு நேரில் வந்து வாங்க வேண்டும் என்பதால் மறுத்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. இந்திய சினிமாவின் மிக உயர்ந்த விருது அது. 2012-ல் மேற்கு வங்க அரசின் பங்க விபூஷண் விருதை அவர் சார்பில் மகள் பெற்றுக்கொண்டார்.

2013 டிசம்பர் இறுதியில் நுரையீரல் தொற்றுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதுதான் உண்மையான சோதனை வந்தது. வீட்டுக் கதவு வேறு, மருத்துவமனை வாசல் வேறு. தொலைக்காட்சி வண்டிகள் வாரக்கணக்கில் வெளியே நின்றன. மருத்துவர்கள் உடல்நிலை அறிக்கை படித்தார்கள். முதலமைச்சர் மம்தா பானர்ஜி வந்து பார்த்துவிட்டுப் போனார். கைபேசியில் கேமரா இல்லாத ஆளே இல்லாத காலம். ஆனாலும் அவர் முகம் வெளியே வரவில்லை. ஜனவரி 17 காலை உயிர் பிரிந்தது. உடல் மூடிய பெட்டியில், கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டியில் கேவ்ராதலா சுடுகாட்டுக்குப் போனது. துப்பாக்கி மரியாதை தந்த அரசும் பெட்டியைத் திறந்து வைக்கச் சொல்லவில்லை. தலைவர்களின், நடிகர்களின் உடலை நாள் கணக்கில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் நாடு இது. ஒரு நடிகையின் விருப்பத்துக்கு மதிப்பளித்து ஓர் அரசு இப்படி நடந்துகொண்டதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

கார்போவும் ஹாராவும்

சுசித்ராவை ‘இந்தியாவின் கிரேட்டா கார்போ’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1941-க்குப் பின் நடிக்காத ஹாலிவுட் நட்சத்திரம் கார்போ, நியூயார்க் தெருக்களில் நெடுந்தூரம் நடந்து திரிந்தவர். புகைப்படக்காரர்கள் அவரைத் துரத்தித் துரத்தி எடுத்த படங்கள் ஏராளம். சுசித்ராவுக்கு நெருக்கமானவர் ஜப்பானிய நடிகை செட்சுகோ ஹாரா. இயக்குநர் ஓசுவின் படங்களில் ஒளிர்ந்த அவர் 1962-ல் கடைசியாக நடித்துவிட்டு காமகுரா என்ற ஊரில் ஒதுங்கினார். 2015 செப்டம்பரில், 95 வயதில் இறந்த செய்தியே நவம்பரில்தான் வெளியே தெரிந்தது. இருவரையும் அவரவர் சமூகம் காத்தது. இன்றைய நடிகைக்கு அப்படியொரு காவல் கிடைக்குமா என்று எண்ணும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இழந்தது

அவருடைய மௌனத்தை முழு மனத்தோடு மதிக்கிறேன். அதனால் வங்காள சினிமா வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பையும் சொல்லாமல் இருக்க முடியாது. வினோதினி ‘ஆமார் கதா’ (என் கதை) என்று தன் வரலாற்றை எழுதினார். மேடைக்குப் பின்னால் நடந்த துரோகத்தை அதில் பதிவுசெய்தார். 2024 இறுதியில் ஸ்டார் தியேட்டருக்கு அவர் பெயரை வைக்கப்போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்ததற்கு அந்தப் புத்தகம் அடித்தளம். வங்காளப் பேசும்படத்தின் முதல் பெரும் நட்சத்திரமான கானன் தேவியும் தன் வரலாற்றை எழுதினார். வறுமையில் பிறந்த ஒரு பெண் ஸ்டூடியோக்களில் பட்ட அவமானங்களை நாம் அவர் வாயாலேயே அறிய முடிகிறது.

சுசித்ரா எழுதவில்லை. நாயகனுக்கு முன்னால் தன் பெயரைப் போட எந்தத் தயாரிப்பாளரிடம் எப்படிப் பேசினார், ராயின் அறையில் என்ன சொன்னார், சம்பளத்தை எப்படி நிர்ணயித்தார், நெருக்கடி நிலையில் ‘ஆந்தி’ நிறுத்தப்பட்டபோது என்ன நினைத்தார் என்று கேட்க இனி ஆளில்லை. ஆண்கள் கையில் இருந்த ஒரு தொழிலில், தன் நிபந்தனைகளை ஏற்கவைத்த ஒரு பெண்ணின் வாக்குமூலம் நமக்குக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காததால் அந்த இடத்தை உத்தமுடன் காதலா இல்லையா என்ற வம்புப் பேச்சு நிரப்பியிருக்கிறது. அவரைப் பற்றி வந்த எழுத்தில் பெரும்பகுதி அதுதான்.

பாப்னாவில் அவர் வளர்ந்த வீடு நீண்ட காலம் வேறொரு அமைப்பின் கையில் இருந்தது. உள்ளூர் மக்களும் கலைஞர்களும் போராடி, நீதிமன்றம்வரை போய், அவர் இறந்த 2014-ஆம் ஆண்டில் மீட்டார்கள். இப்போது அது நினைவகம். மீட்க வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. அவருடன் வேலை பார்த்த ஒளிப்பதிவாளர்கள், ஒப்பனையாளர்கள், படத்தொகுப்பாளர்கள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். எஞ்சியிருப்பவர்களிடம் யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்து, வம்பை ஒதுக்கிவிட்டு, வேலையைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். அதற்கு இன்னும் நெடுநாள் இல்லை.